வரைபடத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்

கேளிக்கைப் பூங்காவை விரிவாக்க எங்கள் சாலையை மூடுவது பற்றிய குடியிருப்பாளர் கூட்டத்தில்தான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, வயிற்றுக்குமேல் ஏற்றிக் கட்டிய கால்சட்டை. நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்துவிட்டுத்தான் காப்பி எடுக்கப் போனார். உணவங்காடியில் எல்லாரும் செய்வதுதான். வைத்த பாக்கெட்டை இந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள்.

அதிகாரி மேசையில் வரைபடத்தை விரித்தார். பெரியவர் எழுந்துபோய் எங்கள் சாலையின்மேல் இன்னொரு பாக்கெட்டை வைத்தார்.

“தேக்கா மார்க்கெட்டுக்குப் போற பஸ் இந்த ரோட்லதான் லா வருது.”

கூட்டம் முடிந்து வரைபடத்தைச் சுருட்ட வந்த அதிகாரி, பாக்கெட்டைப் பார்த்துத் தயங்கினார்.

“அங்கிள், இத எடுத்துக்கிறீங்களா?”

“அந்த எடத்துக்கு ஆள் இருக்கு தம்பி.”

சாலையை அடுத்த மாதமே மூடிவிட்டார்கள். ஆனால் கூட்டம் நடந்த அன்று அந்த வரைபடத்தை மட்டும் யாராலும் சுருட்ட முடியவில்லை.