தொமிங்கு என்றால் ஞாயிறு

தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு வெகுதூரம் இறங்கி வந்த பிறகுதான் அப்பா வாய் திறந்தார்.

"பேரு கேட்டா என்னான்னு சொல்லுவ?"

"ரவி."

"இல்ல. தொமிங்குன்னு சொல்லணும். சத்தமா."

என்னால் நம்ப முடியவில்லை. அது அம்மா வைத்த பேர். அம்மா சிலாபத்துக் கடற்கரையில் பிறந்த வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். நான் ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் அவள் ஊர் வழக்கப்படி அந்தப் பேர். எங்கள் லயத்தில் அது எடுபடவில்லை. பெரியப்பா ரவி என்று மாற்றினார். பையன்கள், "டெங்கு வர்றான், ஓடுங்கடா!" என்று கத்தினார்கள். அம்மா மட்டும் கடைசிவரை தொமிங்கு என்றே கூப்பிட்டாள். அவள் செத்த பிறகு அந்தப் பேரும் கேட்கவில்லை.

கம்பளையில் பஸ் ஏறி, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, மறுபடி நடந்தோம். "தொமிங்கு, தண்ணி குடிக்கிறியா? தொமிங்கு, கையப் புடி." ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது. பெரியப்பா வீட்டிலும் இடமில்லை. வேதக்காரர் நடத்தும் விடுதியில் என்னைச் சேர்த்தால்தான் எனக்குச் சோறு. அதெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது பேர் திரும்பி வந்தது மட்டும்.

மேட்டில் ஒரு பெரிய கேட். அதன் முன் நின்று அப்பா நெற்றித் திருநீற்றைச் சட்டைக் கையால் துடைத்தார். உள்ளே வெள்ளை அங்கி போட்ட பிரதர் ஒருவர் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"வேதக்காரப் பிள்ளையா?"

அப்பா பதில் சொல்லுமுன், "தொமிங்கு!" என்று கத்தினேன்.

அவர் சிரித்துவிட்டார். "போர்த்துக்கீசர் கொண்டு வந்த பேர். தொமிங்கோஸ். ஆண்டவரோட நாள், ஞாயிறுன்னு அர்த்தம். அவங்க எப்பவோ போயிட்டாங்க, பேர் கடற்கரையில நின்னுட்டுது." பிறகு அப்பாவைப் பார்த்து, "சரி, இருக்கட்டும்" என்றார்.

இருக்கட்டும் என்றது பேரைத்தான் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கிழம வர்றேன். ஒன்னோட நாளுல்ல" என்றார் அப்பா. எந்த ஞாயிறு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. போகும்போது அவர் திரும்பிப் பார்த்தாரா என்பதும் நினைவில்லை. பிற்பாடு எத்தனையோ ஊர்களில் என்னென்னவோ பேர்களில் வேலை செய்திருக்கிறேன். எந்தப் பேருக்கும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

மறுநாள் காலை பையன்களுக்கு வேலை பிரித்தார்கள். குசினி அடுப்படியில் குளிர் தெரியாது, தின்னவும் ஏதாவது கிடைக்கும். எல்லோரும் அதற்கே அடித்துக்கொண்டார்கள். நான் கேட் வாசலைக் கூட்டும் வேலையைக் கேட்டு வாங்கினேன். அங்கிருந்து ரோடு தெரியும்.