அரைக்குடம் தண்ணீர்

மொழிபெயர்ப்பாளருக்கு வாய்தான் வலிக்கும் என்று நம்பி இந்த வேலையில் சேர்ந்தேன். செடி படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களோடு தோட்டம் தோட்டமாகச் சுற்றியதில் வலிப்பது முழங்கால். என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புதிதில்லை.

வாழைக்கு முன்னால்

எல்சா பனி பெய்யும் ஊரிலிருந்து வந்தவள். வெப்பமண்டலப் பயிர்களையும் மண்ணைக் கெடுக்காத விவசாயத்தையும் படிக்க நான்கு மாதம் பெங்களூர்வாசம். ஜோகுபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் அவளை ஓசூர் ரோடு தாண்டியிருக்கும் தோட்டத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை.

முதல் நாள் ஒரு வாழைக்குருத்து விரிந்துகொண்டிருந்தது. அதன் முன் நின்றவள் நகரவே இல்லை. அவள் ஊரில் வாழை கண்ணாடி வீட்டுக்குள் தொட்டியில் இருக்குமாம். இளம்பச்சை வழியாக வெயில் இறங்கி அவள் முகத்தில் விழுந்தது. நானும் நின்றுவிட்டேன். எத்தனையோ விருந்தில் வாழையிலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன், அது விரிவதை அன்றுதான் பார்த்தேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. பொம்மனஹள்ளியிலிருந்து தோட்ட வேலைக்கு வரும் முனியம்மாக்கா குடத்தோடு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

"ஏம்மா, எலை என்னா பஸ்ஸா? நின்னு பாத்துக்கினே கீறீங்க!"

நாலு பாத்தி

எல்சாவுக்கு நான்கு தக்காளிப் பாத்தி கொடுத்தார்கள். இரண்டில் மண் தெரியாமல் சருகு பரப்பினாள். மற்ற இரண்டும் வெறும் மண். சருகு போட்ட மண்ணில் ஈரம் அதிகமாக நிற்கும் என்று காட்ட வேண்டும். காட்டினால்தான் அவள் படிப்பில் அந்தப் பருவம் கணக்கில் சேரும். தினமும் காலைப் பனிக்குள் உட்கார்ந்து ஈரத்தை அளந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சருகு வாசனையில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன்.

மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் நான்கு பாத்தியிலும் ஒரே ஈரம். எல்சாவின் முகம் சுருங்கிப்போனது.

"நான் படித்ததெல்லாம் பொய்யா, இல்லை எனக்கு அளக்கத் தெரியவில்லையா?"

பேராசிரியர் வந்த நாள்

அவளுடைய பேராசிரியர் ஊரிலிருந்தே வந்துவிட்டார். நோட்டைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். எல்சா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில், தண்ணீர் ஊற்றுவது யார் என்று கேட்டார். முனியம்மாக்காவைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதானா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஈரமா கீற மண்ணுல எவளாவது தண்ணி ஊத்துவாளா? சருகு போட்டதுக்கு அரைக்குடம், சும்மா கீறதுக்கு ஒரு குடம். மொதல்லருந்தே அப்படித்தான்."

ஒரு வார்த்தை

நான் சொல்லி முடிப்பதற்குள் பேராசிரியர் சிரித்துவிட்டார். பாதித் தண்ணீரில் அதே ஈரம் என்றால் சருகு வேலை செய்திருக்கிறது. அதை அப்படியே எழுது, பருவம் செல்லும் என்றார். எல்சா ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்காவின் தோளுக்கு மேல் பார்த்தால் தக்காளிச்செடிகள் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. எனக்கும் கண் கலங்கியது, கொஞ்சம் வெட்கத்திலும்தான். அழுகைக்குக் காரணம் என்னவென்று அக்காவுக்கு விளக்கினேன்.

"இதையா இத்தினி நாளா தேடிச்சு? என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டா என்னாவாம்?"

மூன்று மொழி பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிற எனக்கு, அதில் ஒன்றில்கூட அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை.