கடைசி மடிப்பு

சைகான் பேருந்து நிலையம். காட்டுப் பக்கமிருந்து வந்த பேருந்தில் மகள் இல்லை; அவள் அனுப்பிய இலைக்கட்டு மட்டும் இறங்குகிறது. இலைகளில் ஒட்டி வாழும் பூஞ்சைகளைக் கணக்கெடுக்கப் போனவள், இரண்டு நாளாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்தக் காட்டில் போர்க்காலக் குண்டுகள் இன்னும் வெடிக்காமல் கிடக்கின்றனவாம்.

கட்டைப் பிரிக்கிறேன். அவளுக்கு வீடு வாடகைக்கு விட்ட காரைக்கால்காரர் தடுக்கிறார்.

"பிரிக்காதீங்கக்கா, இலை குலைஞ்சா பாப்பா என்னைத்தான் திட்டும்."

"வந்து திட்டட்டும் தம்பி."

செய்தித்தாள் மடிப்புகளுக்குள் கரும்புள்ளி விழுந்த இலைகள். ஒவ்வொரு மடிப்பிலும் பறித்த நாளைத் தமிழில் எழுதுவாள். கடைசி மடிப்பில் நேற்றைய தேதி.

"பாத்தீங்களா! அந்தக் காட்டுல தமிழ் எழுத வேற யாரு இருக்கா?" என்று அவர் சிரிக்கிறார்.

மறுபடி பார்க்கிறேன். மற்ற மடிப்புகளில் நேராக நிற்கும் எழுத்து, இதில் மட்டும் இடது கையால் எழுதியதுபோல் கோணிக் கிடக்கிறது.