மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்

காலையில் மோட்டலை விட்டுக் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அண்ணனுடையது எப்போதோ காலியாகிப் பின்சீட்டில் உருண்டுகொண்டிருந்தது. என்னுடையதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அண்ணியின் காலடியில் கிடந்த பாட்டிலில் மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையம்கூட அறுபடவில்லை. வெளியே டெத் வேலி பாலைவனத்தின் மத்தியான வெயில். கார் சீட்டில் சாய்ந்திருந்த அண்ணி, என்னைத் தன் தங்கை என்று நினைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றெட்டாம் வருடம், மே மாதக் கடைசியில் வந்த நீண்ட வார விடுமுறை அது. நாங்கள் மூவரும் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் ஒரே அபார்ட்மெண்டில் இருந்தோம். நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். அண்ணன் பக்கத்து ஊரில் புரோகிராமர். அண்ணி திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என்னைவிட ஒரு வயது சின்னவள். ஆனாலும் அண்ணி அண்ணிதான், நான் ‘நீங்க’ என்றுதான் பேசுவேன். அண்ணன் அப்போதுதான் ஒரு பழைய கொரோலா வாங்கியிருந்தான். கார் வந்ததும் அமெரிக்கா முழுவதும் தனக்காகத்தான் ரோடு போட்டு வைத்திருக்கிறது என்ற நினைப்பு அவனுக்கு வந்துவிட்டது. ஆபீஸில் யாரோ டெத் வேலி படங்களைக் காட்டியிருக்கிறார்கள். பேரிலேயே சாவை வைத்திருக்கிற ஊருக்கு எதற்குப் போக வேண்டும் என்று நான் கேட்டேன். "நம்ம ஊரு அக்னி நட்சத்திரத்தைப் பாத்தவங்களுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா" என்று சிரித்தான்.

அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் யாரையாவது கேலி செய்யாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. முதல் நாள் ஃப்ரீவேயில் போகும்போது, பாத்ரூம் போக வேண்டும், எங்காவது நிறுத்துங்கள் என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள். நிறுத்தினான். பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டியதும் மறுபடி கேட்டாள். "இப்பதானே போன? உன்னைக் கூட்டிட்டு டெத் வேலி பாக்க வந்திருக்கக் கூடாது. கலிஃபோர்னியா பாத்ரூம் டூர்னு தனியா ஒண்ணு போட்டிருக்கணும்" என்றான். அண்ணி கூடச் சேர்ந்து சிரித்தாள். அன்று சாயங்காலம் மோட்டலில் இருந்து நண்பனுக்குப் போன் பண்ணியபோது இதையே அவனிடமும் சொல்லி அண்ணன் சிரித்தான். அண்ணி படுக்கை விரிப்பைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டாள். மறுநாள் காலையில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இட்லிக்கு மிளகாய்ப் பொடி வைத்துச் சாப்பிட்டாள். காபி வேண்டாம் என்றாள்.

முதலில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. மலையிலிருந்து இறங்க இறங்க மரம் குறைந்து, செடி குறைந்து, கடைசியில் வெறும் மண்ணும் கல்லும் உப்பும்தான். மஞ்சள், சிவப்பு, ஓரிடத்தில் பச்சை என்று மலையே நிறம் மாறிக்கொண்டு வந்தது. எனக்கு என்னவோ அந்த அழகு பிடிக்கவில்லை. இத்தனை பெரிய இடத்தில் ஒரு ஆள் இல்லை, ஒரு காக்கை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை, நிழல் என்று சொல்ல எங்கள் காரின் நிழல் ஒன்றுதான். அண்ணன் மட்டும் உற்சாகமாகப் பாட்டுக் கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். இன்ஜின் சூடாகிவிடாமலிருக்க ஏற்றத்தில் ஏசியை அணைக்கச் சொல்லி ரோட்டோரத்தில் போர்டு இருந்தது. அணைத்தோம். கண்ணாடியை இறக்கினால் அடுப்பைத் திறந்ததுபோல் காற்று வந்தது.

பழைய சுரங்கம் ஒன்றுக்குப் போகும் கல் பாதை, பார்க் மேப்பில் புள்ளி புள்ளியாகப் போட்டிருந்தது. தரையிலிருந்து அடிப்பாகம் உயரமாக உள்ள வண்டிகள் மட்டும் போகலாம் என்று பக்கத்திலேயே எழுதியிருந்ததை நான் படித்துக் காட்டினேன். "நம்ம ஊர்ல இதைத்தான் மெயின் ரோடுன்னு சொல்லுவாங்க" என்று அண்ணன் வண்டியைத் திருப்பினான். உள்ளே வெகுதூரம் போன பிறகு ஒரு கூர்மையான கல் டயரைக் கிழித்தது. எங்களில் யாரும் அதுவரை டயர் மாற்றியதில்லை. ஊரில் என்றால் தள்ளிக்கொண்டு போய் பஞ்சர் கடையில் விட்டுவிட்டு டீ குடிக்கலாம். இங்கே டிக்கியிலிருந்த சாமானையெல்லாம் மண்ணில் இறக்கி வைத்து, அடியிலிருந்த சின்ன ஸ்பேர் டயரை வெளியே எடுத்து, கார் மேனுவலைப் படித்துப் படித்து வேலை செய்தோம். ஜாக்கி மண்ணில் புதைந்தது. நட்டு அசையவில்லை. அண்ணன் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தான். அவனுடைய சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை; நின்றிருந்தது. அதுதான் எனக்கு முதல் பயம்.

இரண்டாவது பயம் அண்ணி. தலை வலிக்கிறது என்று முன்சீட்டில் போய் உட்கார்ந்தவள் சத்தமே இல்லாமல் இருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது, ஆனால் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கையைத் தொட்டால் சுட்டது. "பிரேயர் பெல் அடிச்சாச்சாடி? நான் இன்னும் சாக்பீஸ் எடுக்கல" என்றாள். என்னை அவள் ஒருநாளும் ‘டி’ போட்டதில்லை. அப்போதுதான் காலடியில் கிடந்த பாட்டிலைப் பார்த்தேன்.

ஏன் குடிக்கவில்லை என்று நான் கேட்கவே தேவையில்லை. எங்கள் வீட்டில் பஸ் பயணம் என்றால் பெண்கள் முந்தின இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். அம்மா, பெரியம்மா, அத்தைகள் எல்லாருமே தொண்டை காய்ந்து உதட்டை ஈரப்படுத்திக்கொண்டுதான் ஊர் போய்ச் சேருவார்கள். நடுவழியில் பஸ் நின்றால் ஆண்கள் இறங்கி வரிசையாக முள்செடிகளைப் பார்த்து நிற்பார்கள். பெண்கள் ஜன்னலைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். என் பாட்டில் பாதிக்கு மேல் மிச்சமிருந்ததும் அதனால்தான். மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லாத இந்த ஊரில் அந்தப் பழக்கம் ஒரு ஆளைக் கொன்றுவிடும் என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.

மூடியைத் திருகித் திறந்து அவள் வாயில் வைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். "வேண்டாம், அப்புறம் எங்க போறது?" என்று தெளிவாகச் சொன்னாள். தங்கை யார், நாத்தனார் யார் என்று மறந்துபோனவளுக்கு அது மட்டும் மறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணா, அவங்க காலையிலேர்ந்து ஒரு சொட்டு தண்ணி குடிக்கல! பாத்ரூம் போக வேண்டி வருமேன்னு குடிக்காம இருந்திருக்காங்க!" என்று கத்தினேன். அண்ணன் ஸ்பேனரோடு எழுந்து நின்றான். ஒரு நிமிடம் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

காரின் முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்து, உட்கார்ந்து சாப்பிடக் கொண்டுவந்திருந்த ஜமுக்காளத்தை இரண்டுக்கும் குறுக்கே போட்டேன். ஒரு சின்ன அறை கிடைத்தது. "அண்ணி, பாருங்க, மறைச்சாச்சு. அண்ணா அந்தப் பக்கம் போயிட்டான். இப்ப குடிங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அண்ணன் உண்மையாகவே வெகுதூரம் நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் ஒரு துணிகூட இல்லாமல் வெயிலில் நின்றான். அண்ணி முதலில் குடித்ததை வாந்தி எடுத்தாள். என் துப்பட்டாவை நனைத்து அவள் கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். தண்ணீரே வெந்நீராக இருந்தது. இவள் கண்ணை மூடிவிட்டால் திருநெல்வேலிக்குப் போன் பண்ணி என்ன சொல்வோம், யார் சொல்வது என்று அந்த நேரத்திலும் என் மனம் போனது. பாட்டில் பாதியானபோது அவள் என் பெயரைச் சொல்லி, வெளியே கொஞ்சம் நில்லு என்றாள். ஜமுக்காளத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டு நான் வாய்விட்டு அழுதேன்.

எப்படியோ டயரை மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து தார் ரோட்டுக்கு வந்து, விசிட்டர் சென்டரை அடைந்தோம். அங்கே இருந்த பெண் ரேஞ்சர் அண்ணியைப் படுக்க வைத்து, ஐஸ் துணி போட்டு, உப்புக் கலந்த தண்ணீர் கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஹெலிகாப்டர் கூப்பிட வேண்டியிருக்கும் என்றாள். காரில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டாள். நிறைய இருந்தது என்றான் அண்ணன். அப்படியானால் ஏன் குடிக்கவில்லை என்று அவள் கேட்டாள். நான்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் அண்ணனை ஒருமுறை பார்த்துவிட்டு ஐஸ் எடுத்துவர உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில், அண்ணியின் கைக்குழந்தையோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அண்ணன் ஓட்டினான், நானும் அண்ணியும் குழந்தையும் பின்னால். எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன். "அன்னிக்கு உயிரே போயிருக்குமே அண்ணி, ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கக் கூடாதா?"

அண்ணி குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "உயிரு போகும்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா நடுவழில நிறுத்தச் சொன்னா உங்கண்ணன் ஊர் பூரா சொல்லிச் சிரிப்பாருன்னு தெரியும். அப்ப எனக்கு அவரை அவ்வளவுதான் தெரியும். அந்த இடத்தைவிட அவரைப் பாத்துத்தான் எனக்குப் பயம்."

அண்ணன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். "இப்பவும் பயமா?" என்று கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை.

"அடுத்த எக்ஸிட்ல நிறுத்துங்க. பாத்ரூம் போகணும்" என்றாள் அண்ணி.