மூன்று நிறத்தில் செத்த குதிரை

கரியன் ஒரு வெள்ளைக் குதிரை. இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் எப்போதோ சிரித்து முடித்துவிட்டார்கள், இனிச் சிரிப்பதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. வாங்கி வந்த அன்று அது கரிச்சட்டியின் அடி மாதிரிக் கருகருவென்றுதான் இருந்தது. குட்டி. அடையாளப் புத்தகத்தில் பெயர் கரியன், நிறம் கருப்பு, கழுத்தில் இடப்பக்கம் ஒரு சுழி என்று எழுதி முத்திரை குத்தினார்கள். பூங்காவில் குழந்தைகளை வண்டியில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டுவதுதான் வண்டிக்காரம்மாவுக்குத் தொழில். அந்த வண்டிக்காகத்தான் கரியன்.

இரண்டாம் வருஷம் கண்ணைச் சுற்றி நாலு வெள்ளை முடி எட்டிப் பார்த்தது. தீவனத்தில் ஏதோ கோளாறு என்று வண்டிக்காரம்மா தீவனக்காரரிடம் மல்லுக்கு நின்றாள். அவளுடைய வீட்டுக்காரர் தையல்காரர். மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"உன் வாய்க்குப் பயந்தே அதுக்கு இளநரை வந்துருச்சு."

குட்டியை விற்றவரைத் தேடிப் பிடித்துக் கேட்டதற்கு, "சில குதிரைங்க அப்படித்தாம்மா, கருப்பாப் பொறந்து வெள்ளையாப் போகும், கவலைப்படாதீங்க" என்றார். இதை விற்கும்போதே சொல்லித் தொலைத்தால் என்ன? ஏழெட்டு வருஷத்தில் கரியன் உச்சி முதல் வால் வரை வெளுத்துப் போனது. பெயரை மாற்றச் சொல்லித் தெருவே யோசனை சொன்னது. அது அந்தப் பெயருக்குத்தான் காதைத் திருப்பும், வேறு எதைச் சொன்னாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதனால் கரியன் கரியனாகவே இருந்தது. புத்தகத்திலும் கருப்பாகவே இருந்தது. நிறத்தைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சட்டைப் பாக்கெட்டில் பேனாவைச் செருகிக்கொண்டு யாராவது பக்கத்தில் போனால் பாக்கெட்டோடு பிடுங்கிவிடும். தின்னாது. மூடியை மட்டும் ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டு ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். கிழிந்த பாக்கெட்டோடு வந்தவர்களுக்கெல்லாம் தையல்காரர் சும்மாவே தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "இந்தச் சனியன் என்னைக்கு ஒழியுமோ, அன்னைக்குத்தான் எனக்கு விடிவு" என்று ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு தடவை சொல்வார்.

அந்தச் சனியன் ஒரு காலை நேரத்தில் லாயத்து முற்றத்தில் ஈரச் சிமெண்டில் வழுக்கி விழுந்தது. பின்னங்கால் இரண்டாக முறிந்துவிட்டது. வந்த கால்நடை டாக்டர் சின்னப் பெண், குரல் உயராதவள். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். வண்டிக்காரம்மா கரியனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வலியில்லாமல் போய்ச்சேர ஊசி போட்டாகிவிட்டது.

"அழணும்னா அழுதுருங்கம்மா" என்றாள் டாக்டர்.

"முதல்ல காகிதம் முடியட்டும் டாக்டர். அழுகை எங்கயும் ஓடிராது."

இது கல்நெஞ்சம் இல்லை. அவளுடைய அப்பா போனபோது வீடே விழுந்து விழுந்து அழுததில் இறப்பைப் பதிவு செய்ய எல்லாரும் மறந்துபோனார்கள். அதன்பின் வருஷக்கணக்காக அப்பா பெயருக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது, கண் பரிசோதனைக்கு நேரில் வரவும் என்று. அவர் ஏன் வரவில்லை என்று கேட்டு இன்னொரு கடிதம். தபால்காரர் வாசலில் நின்றாலே அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு உயிர் போனால் அதைக் காகிதத்திலும் ஒழுங்காகப் போகவிட வேண்டும் என்று வண்டிக்காரம்மா அப்போதே தீர்மானம் செய்துகொண்டாள்.

ஆனால் தையல்காரர் கதை வேறு. கரியனை லாரியில் ஏற்றும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். லாரிக்காரர் அவரைத்தான் குதிரைக்குச் சொந்தக்காரர் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

நகராட்சியின் விலங்குக் கிடங்கில் பெரிய குளிர் அறை ஒன்று உண்டு. செத்த விலங்குக்குக் காகிதம் சரியாக இருந்தால் தனிக் குழி, பெயர் எழுதிய பலகை. இல்லாவிட்டால் அநாதை விலங்கு. வெள்ளிக்கிழமை பொதுக் குழி வெட்டுவார்கள், தெருவில் அடிபட்ட நாய், பூனை எல்லாவற்றோடும் சேர்த்து மூடிவிடுவார்கள். தன் வீட்டில் வளர்ந்து, தன் மடியில் கண்ணை மூடிய பிள்ளை அநாதையாகப் போவதா? வண்டிக்காரம்மா புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாளே நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

குமாஸ்தா நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அதற்கப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. அவர் மேஜையில் மூன்று காகிதங்களை வரிசையாகப் பரப்பினார்.

"அம்மா, டாக்டர் ஊசி போட்டது சாம்பல் நிறக் குதிரைக்கு. கிடங்குல கிடக்குறது வெள்ளைக் குதிரை. உங்க புத்தகத்துல இருக்குறது கருப்புக் குதிரை."

"மூணும் ஒண்ணுதான் சார்."

"அது எப்படிம்மா?"

அவள் இளநரைக் கதையை முதலிலிருந்து சொன்னாள். குமாஸ்தா கவனமாகக் கேட்டார். சொந்த மாமனாருக்குக்கூட இப்படித்தான் முப்பதிலேயே நரைத்தது என்று ஒத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"என் கணக்குப்படி பாத்தீங்கன்னா, சாம்பல் குதிரைக்கு ஊசி போட்டிருக்கு, ஆனா அப்படி ஒரு குதிரை பதிவுல இல்ல. வெள்ளைக் குதிரை செத்துக் கிடக்கு, அதுக்கு ஆளு இல்ல. கருப்புக் குதிரைக்கு ஆளு இருக்கு, ஆனா அது சாகல."

ஒரு குதிரை செத்து மூன்று குதிரை ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது ஒன்றுக்கே தீவனம் போட முடியாமல் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்த குடும்பம் இது.

வண்டிக்காரம்மா டாக்டரிடம் ஓடினாள். நிறத்தை மாற்றி எழுதித் தரச் சொன்னாள். டாக்டர் கையைப் பிசைந்தாள்.

"எங்க படிப்புல அதுக்குப் பேரு வெள்ளை இல்லம்மா. முடி வெள்ளையா இருந்தாலும் உள்ள தோல் கருப்பா இருந்தா சாம்பல்னுதான் எழுதணும். கருப்புன்னு எழுதுனா என் வேலையே போயிரும்."

"சுழி இருக்கே டாக்டர்? நிறம் மாறும், சுழி மாறாதுல்ல?"

"அது மாறாது. சுழியக் காட்டுங்க, போதும்."

அவள் கிடங்குக்கு ஓடினாள். குளிர் அறைக் காவலாளி ஸ்வெட்டர் போட்டவர், வெயிலில் நின்றாலும் அதைக் கழற்றாதவர். சுழி கழுத்தின் இடப்பக்கம். கரியனைக் கிடத்தியிருந்ததும் இடப்பக்கம் தரையில் படும்படித்தான்.

"கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கண்ணே."

"ஆறு ஆளு வேணும்மா. ஆளு கூப்பிடணும்னா உத்தரவு வேணும்."

"உத்தரவு யார் கொடுப்பாங்க?"

"குதிரை யாருதுன்னு தெரிஞ்சா அவங்க மனு கொடுக்கலாம். யாருதுன்னு தெரியலையே."

"என்னுது!"

"அதுக்குத்தாம்மா சுழியப் பாக்கணும்" என்றார் அவர், ரொம்பப் பொறுமையாக.

அவரை அங்கேயே ஒரு அறை விட்டிருக்கலாம். வண்டிக்காரம்மா விடவில்லை, திரும்பிக் குமாஸ்தாவிடமே வந்து நின்றாள். குமாஸ்தா அவளுக்காக ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். அந்த வழி அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

"உங்க கருப்புக் குதிரைக்கு இந்த வருஷப் பரிசோதனை பாக்கி இருக்கு. நாளைக்கே இன்ஸ்பெக்டரை அனுப்புறேன். வந்து பாத்துட்டு, குதிரை இல்லன்னு எழுதட்டும்."

"போன வருஷம் என்ன எழுதியிருக்கார்?"

குமாஸ்தா புரட்டினார். எல்லா வருஷமும் ஒரே வார்த்தைதான். நிறம்: பதிவில் உள்ளபடி.

அதற்கும் காரணம் கரியன்தான். இன்ஸ்பெக்டர் முதல் வருஷம் லாயத்துக்குள் வந்தபோது, குனிந்து எழுத ஆரம்பித்தவுடன் பேனா, பாக்கெட், இரண்டு பொத்தான் எல்லாம் போய்விட்டது. குதிரையின் நிறத்தைப் பார்க்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை, அவர் பார்த்தது பற்களைத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் தெருவாசலில் நின்றபடியே "நல்லாருக்கா?" என்று கத்துவார். உள்ளேயிருந்து இவள் "நல்லாருக்கு சார்" என்று கத்துவாள். பரிசோதனை முடிந்துவிடும்.

மறுநாள் வியாழக்கிழமை. விடிந்தால் பொதுக் குழி. இன்ஸ்பெக்டர் வந்தார், வழக்கம் போல வாசலிலேயே நின்றார்.

"நல்லாருக்கா?" என்று கத்தினார். வாயில் வந்துவிட்டது, பாவம். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வண்டிக்காரம்மா வெளியே வந்து, "உள்ள வாங்க சார்" என்றாள்.

அவர் தயங்கித் தயங்கி வந்தார். லாயத்தை அவள் இன்னும் கழுவவில்லை. வாளியில் பாதித் தண்ணீர், தொட்டியில் அன்றைக்குப் போட்ட புல், ஆணியில் கடிவாளம். வைக்கோலில் அது படுத்த பள்ளம் அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் வாசற்படியைத் தாண்டினார். வலது கையில் காகிதம். இடது கை சட்டைப் பாக்கெட்டை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தது.

வண்டிக்காரம்மா அந்தக் கையைப் பார்த்தாள்.

"எதுக்கு சார் பொத்திக்கிறீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். தன் கை அங்கே இருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"பழக்கம்மா…"

"கையை எடுங்க சார். இனிமே பயமில்ல" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. காகிதம் முடியவில்லை, ஒரு கையெழுத்துகூட வாங்கவில்லை, அழுகை காத்திருக்காமல் வந்துவிட்டது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மெஷின் சத்தம் நின்றது. தையல்காரர் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் சேர்ந்து அழுதார். இன்ஸ்பெக்டர் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். பேனா அங்கேயே இருந்தது.

"இந்தப் பாக்கெட்டு நீங்க தச்சுக் கொடுத்ததுதான்" என்றார் தையல்காரரிடம். "இன்னும் பிரியல."

பிறகு காகிதத்தை மடித்துக்கொண்டு, "குதிரை இல்லன்னு எழுதிட்டா இது காணாமப் போன குதிரை ஆயிரும். கிடங்குக்கு வாங்க" என்றார்.

கிடங்கில் ஸ்வெட்டர்காரர் உத்தரவு கேட்டார். இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"உயிரோட இருக்குற குதிரையை எந்த இடத்துல வேணும்னாலும் நிறுத்திப் பரிசோதிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. பதிவுல இது உயிரோட இருக்கு. திருப்புங்க."

ஸ்வெட்டர்காரருக்கு இது சரியாகவே பட்டது. ஆறு ஆள் வந்தார்கள். திருப்பினார்கள். இன்ஸ்பெக்டர் அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கரியனின் பக்கத்தில் உட்கார்ந்தார், வெள்ளை முடியை ஒதுக்கினார், சுழியின் மேல் விரலை வைத்தார். பிறகு எழுதினார். நிறம்: வெள்ளை. முன்பு கருப்பு. டாக்டரைக் கேட்டால் சாம்பல். மூன்றும் ஒன்றே. இறந்துவிட்டது.

கையெழுத்துப் போட்டு முடித்துப் பேனாவைப் பாக்கெட்டில் செருகப் போனவர் நிறுத்தினார். கரியனின் வாயோரம் அதை மெல்ல வைத்தார்.

"ஆபீஸ் பேனாவாச்சே சார், கேப்பாங்களே?" என்றாள் வண்டிக்காரம்மா.

"குதிரை புடுங்கிருச்சுன்னு எழுதிக் கொடுத்துர்றேன்."

"மூடி இந்தப் பக்கம் இருக்கணும் சார். அது மூடியத்தான் கடிக்கும்" என்று அவள் குனிந்து பேனாவைத் திருப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கரியனுக்குத் தனிக் குழி கிடைத்தது. பேனா உள்ளே போனது. மேலே பெயர்ப் பலகை. குமாஸ்தா மூன்று காகிதத்தையும் ஒன்றாகக் குத்தி இறப்புப் பதிவை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை மடித்துப் பையில் வைத்தாள். ஒரு பிசகு இல்லை, எல்லாம் ஒழுங்காக முடிந்தது.

அடுத்த மாதம் தபால்காரர் வந்தார். நகராட்சிக் கடிதம். எழுதுபொருள் பிரிவிலிருந்து. கரியன் என்ற குதிரை, அது இறந்ததாகச் சொல்லப்படும் தேதிக்குப் பின், பரிசோதனை அதிகாரியின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டதாக அதிகாரியே எழுத்து மூலம் தெரிவித்துள்ளார். ஆகவே மேற்படி குதிரை உயிருடன் இருப்பதாகத் தெரியவருகிறது. இறப்புப் பதிவு நிறுத்தி வைக்கப்படுகிறது. ஆட்சேபணை இருந்தால் உரிமையாளர் நேரில் வந்து தெரிவிக்கவும்.

தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "மறுபடியும் முதல்லேருந்தா? செருப்பை எடு, நானும் வர்றேன், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துரலாம்."

வண்டிக்காரம்மா கடிதத்தை இன்னொரு தடவை படித்தாள். லாயத்துக்குப் போய், கடிவாளம் தொங்கிய ஆணியில் அதையும் குத்திவிட்டு வந்தாள்.

"எங்கயும் போக வேண்டாங்க" என்றாள். "எனக்கு ஆட்சேபணை இல்ல."