சட்டைப் பையைக் கழுவிய தண்ணீர்

போன மாதம் நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. இப்போதைய தலைமையாசிரியர் பேசினார். இளம் பாதிரியார், தேன் தடவிய குரல். ஆண்டு விழா மலருக்காக முன்னாள் மாணவர்களிடம் கட்டுரை வாங்குகிறார்களாம். "பள்ளியின் வரலாறு, உங்கள் மாணவப் பருவம், இனிய நினைவுகள். ரெண்டு பக்கம் போதும் சார்" என்றார். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இனிமைக்கு நான் பொறுப்பில்லை.

வரலாற்றை முதலில் முடித்துவிடுகிறேன். அது அலுவலக வராந்தாவில் வரிசையாக மாட்டியிருக்கும். தாடி வைத்த வெள்ளைக்காரப் பாதிரியார்கள், பிறகு தாடி இல்லாத வெள்ளைக்காரர்கள், பிறகு நம் ஆட்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அவர் எந்தக் கட்டடத்தைக் கட்டினார் என்று எழுதியிருக்கும். எத்தனை பையன்களை டி.சி. கொடுத்து அனுப்பினார் என்று எழுதியிருக்காது. ஆங்கில வழி வகுப்புகளுக்குச் சிவப்புக் கட்டடம், தமிழ் வழிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. காலை அசெம்பிளியில் "இங்கே எல்லாரும் கடவுளின் பிள்ளைகள்" என்று மைக்கில் சொல்வார்கள். மணி அடித்ததும் கடவுளின் பிள்ளைகளில் பாதிப் பேர் கொட்டகைக்குப் போவோம்.

எனக்கு ஊர் வாடிப்பட்டிப் பக்கம். அப்பா அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். எங்கள் தெருவிலிருந்து மதுரைக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். அந்த இடத்துக்காக அப்பா மூன்று நாள் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றார். இடம் கிடைத்த பிறகு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் யாராக இருந்தாலும், "பய ஃபாதர் ஸ்கூல்ல படிக்கிறான்" என்று சொல்லாமல் இறங்கமாட்டார். அவருக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

எட்டாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்து நாளுக்கு மேல் பாயோடு பாயாகக் கிடந்தாள். பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஒருவர் அழகர் கோயில் துளசி கொண்டுவந்தார். ஒருவர் பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்தார். திருநீற்றுப் பொட்டலங்கள் தலைமாட்டில் குவிந்து கிடந்தன. அம்மா எல்லாவற்றையும் ஒரே பக்தியோடு பூசிக்கொண்டாள், குடித்தாள். அவளுக்கு ஒன்றும் கொண்டுவராதது நான் மட்டும்தான்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பள்ளிக் கோயிலில் பூசை நடக்கும். கிறிஸ்தவப் பையன்களுக்கு முன்பக்கம், எங்களுக்குக் கடைசி பெஞ்சுகள். கடைசியில் அவர்கள் மட்டும் வரிசையாகப் போய் நற்கருணை வாங்குவார்கள். அரிசி அப்பளம் மாதிரி வெள்ளையாக, வட்டமாக, மெல்லிசாக ஒன்றைக் கையில் வைப்பார் ஃபாதர். நாங்கள் ஏன் போகக்கூடாது என்று எங்களுக்கு யாரும் விளக்கியதில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்திருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் எழுந்து போனேன். அப்பம் கொடுத்தவர் வெளியூர்ப் பாதிரியார், என்னைத் தெரியாது. முன்னால் போனவன் செய்ததைப் பார்த்து அதேபோல் கையை நீட்டினேன், "ஆமென்" என்றேன். வாயில் போடுவதாகப் பாவனை செய்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்கு வந்து, கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். திருநீற்றை மடிப்பதுபோல் அப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சாயங்காலம் அம்மா கையில் கொடுக்கவேண்டும் என்பதுதான் மனசு முழுக்க. பிரசாதத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே தின்றுவிட்டு வருகிறவன் சுயநலக்காரன் என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

பக்கத்தில் இருந்தவன் பார்த்துவிட்டான். வகுப்பு லீடர். இன்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிற மகானுபாவன். பூசை முடிவதற்குள் செய்தி போய்விட்டது.

தலைமையாசிரியர் ஃபாதர் என் காதைத் திருகி அலுவலகத்துக்கு இழுத்துப் போனார்.

"எதுக்குடா திருடினே?"

"திருடல ஃபாதர். அம்மாவுக்கு. ஒடம்புக்கு முடியல ஃபாதர்."

"பொட்டலம் கட்டிக்கிட்டுப் போக இது என்ன திருநீறா?"

எனக்கு உண்மையிலேயே அந்தக் கேள்வி புரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். கன்னத்தில் விழுந்தது.

பிறகு அவர் பொட்டலத்தைப் பிரித்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, அந்த அப்பத்தைத் தானே உண்டார். தூள் ஏதாவது ஒட்டியிருக்கும் என்று என் சட்டையைக் கழற்றச் சொன்னார். வெள்ளை அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பையை உள்வெளியாகத் திருப்பி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவினார். அந்தத் தண்ணீரைத் தானே எடுத்துப்போய், கோயில் சுவரோரம் யார் காலும் படாத இடத்தில், ஒரு குரோட்டன்ஸ் செடியின் அடியில் ஊற்றிவிட்டு வந்தார். என் கன்னம் எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டைக்குக் கிடைத்த மரியாதையில் ஒரு துளி எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டை கொடியில் காய்ந்தது. நான் தாடிக்காரர்களின் படங்களுக்குக் கீழே வெறும் உடம்போடு நின்றேன். முதல் பீரியட்டிலிருந்து மதியச் சாப்பாடு முடியும்வரை, போகிற வருகிற வகுப்பெல்லாம் பார்த்தது.

ஊர் டீக்கடைக்குப் போன் செய்து சொல்லி அப்பாவை வரவழைத்திருந்தார்கள். வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார், கெண்டைக்காலில் சேறு காயவில்லை. செருப்பை கேட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். மேஜை மேல் என் டி.சி. தயாராக இருந்தது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அப்பா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டி, நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார்.

"சாமி, தப்புத்தேன் சாமி. வெவரம் தெரியாத பய. படிப்ப மட்டும் நிப்பாட்டிராதீக."

ஃபாதர் பதறிப் பின்னால் நகர்ந்தார். எழுந்திருங்கள், எழுந்திருங்கள் என்றார். அப்பா எழவில்லை. மன்னித்ததாகச் சொன்ன பிறகுதான் எழுந்தார். அந்த மன்னிப்புக்கும் ஒரு வால் இருந்தது. வருடம் முடியும்வரை முதல் வெள்ளிக்கிழமைகளில் நான் கோயிலுக்கு வெளியே சரளைக்கல்லில் முட்டி போடவேண்டும். டி.சி.யைக் கிழித்துப் போட்டுவிட்டு ஃபாதர் அப்பாவுக்குப் பாடம் நடத்தினார். "அது ஆண்டவரோட உடல், எவ்வளவு புனிதமான பொருள் தெரியுமா உங்களுக்கு? அது பட்ட தண்ணியைக்கூட சாக்கடையில ஊத்தமாட்டோம். அந்தச் செடிக்கு அடியில நானே ஊத்தினேன்." அப்பா ஜன்னல் வழியாகச் செடியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

வெளியே வரும்போது அப்பா சுவரோரம் ஒரு நிமிடம் குனிந்தார். தலை சுற்றுகிறதோ என்று நினைத்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் அவர் எதுவும் பேசவில்லை. அவர் விழுந்து கிடந்த கோலம்தான் என் கண்ணுக்குள் நின்றது. அந்தப் பாதிரியாரைக் கொல்லவேண்டும் போலிருந்தது. விழுந்த அப்பாவை அதைவிட வெறுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவின் பாயருகே உட்கார்ந்து துண்டின் முனையில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். ஈர மண். விரலால் தொட்டு அம்மாவின் நெற்றியில் பூசினார்.

"எந்தக் கோயிலு மண்ணு?" என்றாள் அம்மா.

"பய படிக்கிற எடத்துல. மகன் ஆத்தாளுக்குன்னு சாமிகிட்ட வாங்கிருக்கான். அம்புட்டு மரியாதையா வச்சிருக்காக அத. வீணாப் போகக்கூடாதுல்ல."

அம்மா மீதி மண்ணைத் தொட்டு, பக்கத்தில் நின்ற என் நெற்றியில் பூசினாள். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ, புறங்கையால் ஒரே இழுப்பாகத் துடைத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்தின்மேல் துப்ப முடியாததை அங்கே துப்பினேன்.

அம்மா வாடிப்பட்டி ஆஸ்பத்திரி மருந்தில் பிழைத்தாள். அந்த மண்ணால்தான் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஃபாதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மலரில் இதைப் போட்டாலும் சரி, கிழித்தெறிந்தாலும் சரி. ஆனால் நான் துடைத்தபோது அப்பா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கீழே சிந்திய மண்ணை ஒரு பொடி விடாமல் துண்டில் கூட்டி எடுத்து, மறுபடி முடிந்து வைத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.