விழுந்த பிள்ளைக்கு ஓர் அர்ச்சனை

என் அக்காவின் மகன் அமெரிக்காவில் சம்பளத்துக்குப் பந்து விளையாடுகிறவன். நாங்கள் காலால் உதைக்கிற பந்தில்லை. முட்டை மாதிரிப் பந்து, கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். மருமகன் அந்தப் பந்தைத் தொடுவதே அருமை. பந்தோடு வருகிறவனை மறித்து விழுத்துவதுதான் அவன் தொழில். எங்கட கனகராயன்குளத்தில் ஆராவது கேட்டால், கிளித்தட்டு விளையாட்டில் கோட்டில் நின்று மறிக்கிறவன் மாதிரி என்று சொல்லிவிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் தொடங்கினவனை, பல்கலைக்கழகம் முடியப் பெரிய அணி ஒன்று எடுத்தது. அன்றுமுதல், விளையாட்டுள்ள ஞாயிறுகளில் பின்னேரம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பேன். "அப்பனே, இண்டைக்கும் பிள்ளை நாலு பேரை விழுத்த வேணும்." திங்கள் காலை வயலுக்குப் போகமுதல் போனில் பார்த்து மனிசிக்கும் காட்டுவேன்.

"விழுறவன்ர தாய் பார்த்தால் என்ன பாடுபடுவா?" என்பாள். நான் சிரித்துவிடுவேன்.

போன மாரியில் ஒரு திங்கள், இவன் விழுத்தின பெடியன் எழும்பவில்லை. கால் மடிந்து கிடந்தான். தூக்கிக்கொண்டு போனார்கள். முறைப்படிதான் பிடித்தவன், பிழையில்லை என்று எல்லாரும் சொன்னார்களாம். ஆனால் அடுத்த விளையாட்டில் மருமகன் கிட்ட வந்தவனைப் பிடிக்காமல் கையை இழுத்துக்கொண்டான். அதோடு அவனை விளையாட விடாமல் வெளியே வாங்கில் இருத்திவிட்டார்கள்.

போன் எடுத்தான். "மாமா, எனக்கு உடைக்கிற தேங்காயை அவனுக்கு உடையுங்கோ. அவன் நடக்காட்டில் நான் இதை விடப்போறன்."

விழுத்தச் சொல்லிப் பிள்ளையாரிட்டைக் கேட்டவன் நானல்லவா?

கோயிலில் ஐயர் தட்டை வாங்கி, "பேர், நட்சத்திரம்?" என்றார். விழுந்த பெடியனின் பேரைச் சொன்னேன். நட்சத்திரத்துக்கு நான் எங்கே போக? பழக்கத்தில் வாய் "உத்தரம்" என்றது. அது மருமகனின் நட்சத்திரம். ஐயர் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். மறிக்க வாய் வரவில்லை. கிழமைக்கணக்காய் அது மனதில் முள்ளாய்க் கிடந்தது.

தைப்பொங்கலுக்குப் பிறகு மருமகன் திரும்பவும் போன் எடுத்தான்.

"அவன் தடி ஊன்றி நடக்கிறான், மாமா. பார்க்கப் போனன். தடியை ஓங்கினவன், பிறகு சிரிச்சவன். திரும்பி வந்து முதல் என்னைத்தான் இடிச்சு விழுத்துவனாம்."

நட்சத்திரக் கதையைச் சொன்னேன். "அப்ப பாதி எனக்கு வந்திட்டுதோ?" என்று சிரித்தான்.

"டேய், நீயும்தானே விழுந்து கிடந்தனி."

"ஓம், மாமா" என்றான்.

இந்த மாரியில் திரும்பவும் மறிக்கிறான். போன ஞாயிறு தேங்காயைக் கையிலெடுத்து, "பிள்ளை விழுத்தட்டும், அப்பனே. விழுந்தவனும் எழும்பட்டும்" என்றேன்.

பக்கத்தில் நின்ற மனிசி, "இதை முதலே கேட்டிருக்கலாம்" என்றாள்.